மைனஸ் ஒண்ணாம் நம்பர் வீடு

உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. பின்னாடி சீட்டெல்லாம் டயருக்கு மேல இருக்குதுங்க, தூக்கித் தூக்கிப் போடும். ஈரோடு போறதுக்குள்ள இடுப்பு கழண்டு போயிரும். இங்கயே இருங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. அந்தாளுகிட்ட சத்தம் போட்டது ஜன்னலுக்காக. நான் இழுத்து மூடி வெச்ச கண்ணாடிய, முன்னால உக்காந்துட்டு கைய நீட்டித் தள்றான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தொறந்து விட்டிருப்பேன். கேக்காமத் தள்ளினா வெரலு நசுங்கத்தான் செய்யும். எலும்பெல்லாம் ஒண்ணும் ஆகலைங்க, தோலு மட்டுந்தான். பாருங்க, இப்ப எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கான்.

எனக்குப் பொதுவா கோபம் வராதுங்க. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தப்பைப் பார்த்தா மட்டும் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

பேங்குங்களா நீங்க? பையப் பார்த்து கம்ப்யூட்டர் வேலையின்னு நெனச்சேன். நான் கம்ப்யூட்டருங்க. ஆனா நீங்க நெனக்கிற மாதிரி டிவி பொட்டி வெச்சுத் தட்டறது இல்லை. லிஃப்டுக்குள்ள ஒரு போர்டு இருக்குமுங்க, உள்ளங்கை அகலத்துல. எந்த மாடில நிக்கணும், எப்பக் கதவு தொறக்கணும், எல்லாம் அதுதான் சொல்லும். அந்தப் போர்டு பண்ற கம்பெனில இருந்தேன், கோயமுத்தூர்ல. பேரு வேண்டாமுங்க, அவனுக பேரைச் சொன்னா வாய் கசக்குது. அதுக்குள்ள எல்லாத்தையும் மேய்க்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு, கெர்னல்னு பேரு. அது என்ற கைவசம். சிவசண்முகம் தொட்ட கெர்னலை வேற ஒருத்தன் தொட மாட்டான்னு ஒரு காலத்துல பேரு இருந்துச்சுங்க.

எம் பொண்ணு கல்யாணத்துல போலீசு வந்த கதை தெரியுமுங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும். ஊரு பூரா சிரிச்சுது, அதனால கேட்டேன். அதைப் பத்தி எல்லாரும் தப்புத் தப்பாப் பேசறாங்க. மூலகாரணம் என்னன்னு ஒருத்தனும் கேக்கலை. நீங்க படிச்சவர், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அந்தப் போர்டுல ஒரு பிராசஸர் இருக்குதுங்க, அதுதான் மூளை. மூளை எப்பவும் ஒரே வேகத்துல ஓடாது. வேலை இருந்தா வேகமா ஓடும், சும்மா இருந்தா சோம்பிக்கும். என்னென்ன வேகத்துல ஓடலாம்னு ஒரு பட்டியல் இருக்குது. எங்க போர்டுல நாலு வேகம். எந்த வேகத்துல எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு கெர்னல் ஒரு கணக்கு வெச்சுக்கும். எதுக்குன்னு கேட்டீங்கன்னா, சூடு, கரண்டு செலவு, இதெல்லாம் பின்னால பாக்கறதுக்கு. யாரும் பாக்கறதில்லைங்க. நான் பார்ப்பேன்.

லைன் வீடு பார்த்திருப்பீங்க. ஒரே நீளச் செவுரு, வரிசையாக் கதவு. பட்டியலும் அப்படித்தானுங்க. நாங்க எண்ணறதை ஜீரோவுல ஆரம்பிப்போம். ஜீரோவாம் நம்பர் வீடு, ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு வேகத்துக்கு நாலு வீடு. இப்ப என்ன வேகம்னு பிராசஸரைக் கேட்டு, அது எந்த வீடுன்னு ஒருத்தன் தேடிச் சொல்லுவான். இன்னொருத்தன் அந்த வீட்டுக்குப் போயி நேரத்தை எழுதி வெச்சுட்டு வருவான். இதுல ஒரு சிக்கல் என்னன்னா, எப்பவாச்சும் பிராசஸர் பட்டியல்லயே இல்லாத ஒரு வேகத்தைச் சொல்லும். கரண்டு போயி, ஜெனரேட்டர் எடுத்து, வோல்டேஜ் தள்ளாடற நேரம் பார்த்து எந்திரிச்சுதுன்னா அப்படி உளறும். தேடறவன் போயித் தேடிப் பார்த்துட்டு, மைனஸ் ஒண்ணுன்னு சொல்லுவான். எங்க தொழில்ல இல்லைங்கறதுக்கு மைனஸ் ஒண்ணும்போம்.

எழுதறவன் ஒரு கூமுட்டைங்க. அவன் அதை வீட்டு நம்பர்னு நெனச்சுக்குவான். மைனஸ் ஒண்ணாம் நம்பர் வீட்டைத் தேடிப் போயிருவான். அது ஜீரோவாம் நம்பருக்கு முன்னாடி வீடு. நம்ம லைன்லயே இல்லை, வேற எவனோ குடியிருக்கற வீடு. பின்பக்கப் பொடக்காலி வழியா உள்ள பூந்து, அவன் செவுத்துல நம்ம கணக்கைக் கிறுக்கிட்டு வந்துருவான். அந்த வீட்டுக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சுப் பார்த்தா அவன் பொழப்பு நாறிப் போயிருக்கும்.

அப்படித்தான் கோயமுத்தூர் கணபதி ஏரியால ஒரு அப்பார்ட்மென்ட்ல, லிஃப்டு ஏழாவது மாடில நின்னுட்டு ஒம்பதுன்னு காட்டுச்சு. எல்லாரும் மாடி எண்ற புரோகிராமைப் போட்டு நோண்டிட்டு இருந்தானுக. பாவம், அது ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் நூலைப் பிடிச்சுட்டே போயி, கணக்கு எழுதற கூமுட்டையக் கையும் களவுமாப் பிடிச்சேன். ஒரு வரி எழுதினேன். பட்டியல்ல இல்லாத வேகம் வந்துச்சா, ஒரு அடி நகராத, அந்த எடத்துலயே செத்துப் போ. மொத்தப் போர்டும் செத்துரும். எங்க தொழில்ல இந்த மாதிரி வார்த்தையெல்லாம் சகஜமுங்க, கொல்றது, சாகடிக்கறது எல்லாம் நெசமாவே கட்டளை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். தப்புன்னு தெரிஞ்சா அடிச்சுப் போடு, அப்பத்தான் நாலு பேரு ஓடி வந்து என்னன்னு பார்ப்பான்.

ஒரு நிமிசம் இருங்க.

ஏனுங்க, என்ன கண்டக்டர்கிட்ட முணுமுணுப்பு? வெரலைக் காட்டறீங்களா, காட்டுங்க. நல்லாக் காட்டுங்க. இன்னொரு கை இருக்குதில்லீங்க, அதையும் வேணும்னா நீட்டுங்க, கண்ணாடி இங்கதான் இருக்குது. என்ன கண்டக்டர்? ரவுசு பண்ணினா அவிநாசில எறக்கி விட்டுருவீங்களா? சரிங்க. நான் ஒண்ணும் பேசலை, நீங்க டிக்கெட்டைக் கிழிங்க.

பார்த்தீங்களா தம்பி. நசுங்கினவன் ரெண்டு வார்த்தை நேரா எங்கிட்டக் கேட்டிருந்தா எனக்கு மரியாதையா இருந்திருக்கும். போயிச் சொல்லிக் குடுக்கறான்.

எங்க விட்டேன்? ஆங், என்ற வரி. எங்க கம்பெனில சுடலைமணின்னு ஒருத்தன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பையன்னா சின்னவன் இல்லைங்க, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கல்யாணமாயி ஒரு கொழந்தை. நான்தான் வேலைக்கு எடுத்தேன். கை சுத்தம், வேலை சுத்தம், ஆனா ஆளு வழவழன்னு இருப்பான். எதுக்கும் கோபப்பட மாட்டான். எனக்கு அப்படிப்பட்ட ஆளுகளப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருமுங்க. அவன் வந்து, என்ற வரியப் படிச்சுட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, இது வெறும் கணக்குதான? எழுத எடம் இல்லன்னா எழுதாம இருந்துட்டுப் போவோம். பட்டியல்ல உள்ள வேகம் வந்த பெறவு எண்ணிக்கிடுவோம். அதுக்குப் போயி லிஃப்ட எதுக்கு நிப்பாட்டணும்?"

எழுதாம விட்டுடறதாமா. மைனஸ் ஒண்ணுன்னு வந்தா ஒண்ணும் பண்ணாம அப்படியே திரும்பி வந்துடறதாமா. கண்ணு முன்னால ஒருத்தன் பட்டியல்ல இல்லாததைச் சொல்றான், நாம காதுல விழாத மாதிரி போறதா? அது என்னங்க புத்தி? நான் முடியாதுன்னுட்டேன். என்ற வரிக்குப் பதிலா அவன் வரிய எழுதி எனக்கு அனுப்பினான். "லிஃப்டுக்குள்ள ஆள் இருப்பாக அண்ணாச்சி" அப்படின்னு கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருந்தான். மறுபடியும் முடியாதுன்னேன். அடுத்தாப்பல அவனே நேர்ல வந்து என்ற மேசைப் பக்கத்துல நின்னு, மெதுவா, கொழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி விளக்கிச் சொல்ல ஆரம்பிச்சான்.

கீபோர்டை உருவி மோவாயில ஒண்ணு வெச்சனுங்க.

எழுத்துப் பட்டனெல்லாம் ஹால் பூராத் தெறிச்சுது. அவனுக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடிப் போச்சு, வாயெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்தை முழுங்கிட்டு, கீழ உக்காந்து ஒவ்வொரு பட்டனாப் பொறுக்கினான். பொறுக்கி என்ற மேசை மேல வரிசையா வெச்சுட்டுப் போயிட்டான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நாங்க சமாதானம் ஆகியிருப்போம். முதலாளி கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து பார்த்துட்டு, திரைய இழுத்து விட்டுக்கிட்டாரு. என்ற வரி அப்படியே நின்னுது. எல்லா போர்டுலயும் அதுதான் போச்சு.

வளர்க்கறதும் அப்படித்தானுங்க. எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. எட்டாவது படிக்கறப்ப கணக்குல கொறைச்ச மார்க் வாங்கிட்டு, கூட்டிச் சொன்னா. பெல்ட்டை உருவினேன். எம் பொண்டாட்டி சுகந்தி குறுக்க வந்தா, அவளுக்கும் ரெண்டு விழுந்துச்சு. அப்புறமேட்டுக்கு தாரணி நல்லாப் படிச்சாளுங்க, இன்ஜினியரிங் முடிச்சா. எங்கிட்டப் பேசறதக் கொறைச்சுக்கிட்டா, அது வயசுக்கு வந்த பொண்ணுக எல்லாருமே அப்படித்தான. ஆனா எனக்கு உசுரு அவதானுங்க. அவளுக்குக் காய்ச்சல்னா நான் சோறு திங்க மாட்டேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க நான் ஏறி இறங்காத வீடு இல்லை. பெருந்துறைல நல்ல எடமா அமைஞ்சுது. தங்கமான மாப்பிள்ளை, ரகுராம்னு பேரு.

சம்பந்தி புது மண்டபமாப் பார்த்துப் பிடிச்சிருந்தாரு, மூணு மாடி, லிஃப்டு எல்லாம் வெச்சு. போயிப் பார்த்தா, உள்ள எங்க போர்டு. எனக்கு அவ்வளவு சந்தோசமுங்க. சம்பந்தியக் கூட்டிட்டுப் போயி, "இதுல ஓடறது நம்ம மூளைதானுங்க"ன்னு காட்டினேன். அவரு அவங்க சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாத்துக்கும் சொல்லிட்டாரு. பெரிய மனுசன் மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

சுடலைமணிக்கும் பத்திரிகை வெச்சேன். நமக்கு மனசுல ஒண்ணும் கெடையாதுங்க. அவனும் முந்தின நாளே வந்து, பந்தில எலை போட்டு, தண்ணி ஊத்தி, சொந்தத் தம்பி மாதிரி ஓடியாடினான்.

காலையில முகூர்த்தம். மேல மூணாவது மாடில மாப்பிள்ளை ரூமு. எங்க ஆளுக கல்யாணத்துல அருமைக்காரர்னு ஒரு பெரியவர் இருந்துதான் சீரெல்லாம் நடத்தி வைப்பாரு, அவரு இல்லாம ஒரு மஞ்சக் கயித்தக்கூடத் தொட முடியாது. அந்த அருமைக்காரர், மாப்பிள்ளை, மாப்பிள்ளையோட அக்கா, மூணு பேரும் மேல லிஃப்டுல ஏறினாங்க. கதவு மூடுச்சு. கரண்டு போச்சு.

கரண்டு போறது என்ன அதிசயமுங்களா. ஜெனரேட்டர் எடுத்துச்சு, லைட்டு வந்துச்சு, மைக்கு வந்துச்சு. லிஃப்டு மட்டும் வரலை. ரெண்டாவது மாடிக்கும் ஒண்ணாவது மாடிக்கும் நடுவால நிக்குது. கீழ கதவு மேல ஒரு சின்ன லைட்டு இருக்குமுங்க. அது எரியுது, அணையுது. எரியுது, அணையுது. போர்டு எந்திரிக்குது, பட்டியல்ல இல்லாத வேகத்தப் பார்க்குது, செத்துப் போகுது. மறுபடியும் எந்திரிக்குது, சாகுது. எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு, அது என்ற வரின்னு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது தம்பி, ஒரு நொடி பெருமையாக்கூட இருந்துச்சு. எழுதினது எழுதின மாதிரியே வேலை செய்யுது பாருங்க.

உள்ள இருந்து அந்த அக்கா கதவைத் தட்டற சத்தம். நாதஸ்வரக்காரன் வாசிச்சதையே வாசிச்சுட்டு இருக்கான். முகூர்த்தம் போயிட்டே இருக்குது. சம்பந்தி வேர்த்து விறுவிறுத்து வந்து, "ஏனுங்க, இது உங்க லிஃப்டுதானுங்களே?"ன்னாரு. அத்தனை சனமும் திரும்பி என்னைப் பாக்குது. "மண்டபத்துக்காரன் வயரிங் மோசமுங்க"ன்னு சொன்னேன். வேற என்னங்க சொல்றது? அது பொண்ணு கல்யாணம். அந்த நேரத்துல தொழில் விசயமெல்லாம் பேசிட்டு இருக்க முடியுமுங்களா?

சுடலைமணி பந்தில இருந்து ஓடி வந்தான், கையில தண்ணி ஜக்கோட. லைட்டைப் பார்த்தான். பார்த்துட்டு, அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொல்றான், "அண்ணாச்சி, வயரிங் இல்ல, இது நம்ம வரி. நம்ம வரிதான் சாவடிக்கி. மேல மோட்டார் ரூம்ல கைச்சக்கரம் இருக்கும், நான் போயிச் சுத்தி எறக்கிருதேன்."

நம்ம வரியாம். நம்மன்னு ஒரு மரியாதைக்குச் சேத்துக்கிட்டானாம்.

செவுனியச் சேத்து ஒண்ணு விட்டனுங்க. ஜக்கு பறந்துச்சு. அவன் சாஞ்சவன் மாடிப்படி கைப்பிடியப் பிடிச்சு எந்திரிச்சு, மேல ஏறத்தான் பார்த்தான். சட்டையப் பிடிச்சு இழுத்தேன், மூணு படி உருண்டு வந்தான். எந்திரிக்காதடான்னு சொன்னேன். எந்திரிச்சான். ஊனியிருந்த கை மேல செருப்புக் காலை வெச்சு மிதிச்சேன். கரும்பை ஒடிக்கற சத்தம் வந்துச்சு. அப்பவும் கத்தலைங்க அவன், மேல கையக் காட்டி, "சக்கரம், சக்கரம்"னு சொல்லிட்டு இருக்கான். சம்பந்தியோட மச்சினன் வந்து என்னைப் பின்னால இருந்து கட்டிப் பிடிச்சாரு. தலையாலயே அவரு மூக்குல ஒண்ணு இடிச்சேன். மடக்கு சேரு ஒண்ணு கையில கெடச்சுது. யாரு யாரு மேல பட்டுச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. வாசக் கண்ணாடிக் கதவு பொடிப் பொடியாப் போச்சு. பன்னீர் தட்டு வெச்சுட்டு நின்ன பொண்ணுக எல்லாம் அலறிட்டு ஓடுதுக. கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரியவர் தலையில ரத்தம் வழிய வழிய மணவறைப் படில உக்காந்திருந்தாரு. அவரு எப்படிக் குறுக்க வந்தாருன்னு தெரியலை.

நீங்களே சொல்லுங்க தம்பி. அவன் அதைக் கூட்டத்துல சொல்லாம இருந்திருக்கலாமில்லீங்க? தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டிருக்கலாம். கமுக்கமா மேல போயிச் சக்கரத்தைச் சுத்தியிருக்கலாம். பார்த்ததைப் பார்க்காத மாதிரி போறதுல ஒரு மனுசனுக்கு என்னங்க கொறைஞ்சு போயிரும்?

அப்பத்தான் தாரணி வந்தா. கூறப்புடவை கட்டி, மாலை போட்டு, அப்படியே அம்மன் மாதிரி இருந்தாளுங்க. நான் சேரைத் தூக்கிட்டு நிக்கறேன். எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. கண்ணுன்னு கூப்பிட்டேன். அவ நேரா வந்தா. என்ற பக்கத்துலதான் வந்தா, மாலைல இருந்த மல்லி வாசம் எனக்கு அடிச்சுது. தாண்டிப் போயி சுடலைமணிகிட்டக் குந்த வெச்சு உக்காந்தா. மாலையக் கழட்டி வெச்சுட்டு, அவன் தோளுல கெடந்த துண்டை எடுத்து கையச் சுத்திக் கட்டினா. "அண்ணா, ஏற முடியுங்களா? முடியலீன்னா எப்படிச் சுத்தணும்னு சொல்லுங்க, நான் போறேன்" அப்படின்னா.

ரெண்டு பேரும் ஏறிப் போனாங்க. அவன் ஒரு கைய நெஞ்சோட அணைச்சுட்டு முன்னால, அவ புடவையத் தூக்கிச் சொருகிட்டு பின்னால. மோட்டார் ரூம்ல அவன் சொல்லச் சொல்ல, கல்யாணப் பொண்ணு கைச்சக்கரத்தைப் பிடிச்சுச் சுத்தினாளாம். மருதாணி வெச்ச கை பூராக் கிரீசு. கட்டிக்கப் போறவனை அவளே இஞ்சு இஞ்சா எறக்கிக் கொண்டாந்தாளாம். நான் பார்க்கலைங்க. சுகந்தி சொன்னா. அதுக்குள்ள மண்டபத்துக்காரன் கூப்பிட்டு போலீசு வந்துருச்சு.

ஜீப்புல உக்கார வெச்சுட்டாங்க. வண்டி ஏனோ கெளம்பலை, டிரைவரு யாரையோ தேடிட்டு இருந்தான். உள்ள கெட்டிமேளம் கொட்டினாங்க. முகூர்த்தம் தப்பலைங்க, அந்த மட்டுக்கும் சந்தோசம். ஜீப்புக்குள்ள உக்காந்துட்டு கையத் தூக்கினேன். கையில அரிசி ஒண்ணும் இல்லை. சும்மா தூக்கி வீசினேன். அழுதேன் தம்பி. பக்கத்துல இருந்த போலீஸ்காரர் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு.

டேசன்ல சாயங்காலம் விட்டுட்டாங்க. ஏன்னு கேட்டா, புகார் இல்லையாம். சம்பந்தி வீட்டுல மானத்துக்குப் பயந்துட்டாங்க, அது புரியுது. சுடலைமணிகிட்டப் போயிக் கேட்டிருக்காங்க. "படியில வழுக்கி விழுந்துட்டேன்" அப்படின்னு சொல்லிட்டானாம். மணிக்கட்டு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்குது, வழுக்கி விழுந்தானாம்.

நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலப் பிடிச்சு ஆட்டினேன். அடிச்சது யாருடான்னு கேட்டேன். சொல்லுடா, நான் அடிச்சேன்னு சொல்லு. அவன் பொண்டாட்டி கொழந்தையத் தூக்கிட்டு வெளிய போயிட்டா. அவன் என்னைப் பார்த்து, "விடுங்க அண்ணாச்சி, தண்ணி குடிக்கியளா?"ன்னான். அடிச்சவனை அடிச்சவன்னு சொல்றதுக்குக்கூட ஒருத்தனுக்கு வாய் வரலைன்னா, நான் என்ன, எண்ணிக்கையிலயே இல்லாதவனுங்களா? பக்கத்துல இருந்த குளுக்கோஸ் கம்பியத் தூக்கினேன். நாலு பேரு வந்து வெளிய தள்ளிட்டாங்க.

வேலை போச்சு. முதலாளி அந்தத் திரைக்குப் பின்னால இருந்தே ஆள் விட்டுச் சொல்லிட்டாரு. என்ற வரிய எடுத்துட்டு அவன் வரியப் போட்டுட்டாங்களாம் எல்லா லிஃப்டுலயும். பட்டியல்ல இல்லாத வேகம் வந்தா ஒண்ணும் பண்றதில்லை, எண்றதுமில்லை, அதுபாட்டுக்கு மேல கீழ போயிட்டு இருக்குதாம். ஒருத்தரும் செத்துப் போகலைன்னு எனக்கும் சேதி வந்துச்சு. நல்லா இருக்கட்டும்.

விஜயமங்கலம் தாண்டிருச்சுங்களா? அப்பப் பெருந்துறை வந்துரும்.

இன்னிக்கு தாரணிக்குப் பெருந்துறைல ஒரு மண்டபத்துல வளைகாப்புங்க. ஏழாம் மாசம். சுகந்தி காலையிலயே ஒறம்பரையோட வேன்ல போயிட்டா. போறப்ப, "நீங்க வர வேண்டாமுங்க, அவ சொல்லிட்டா"ன்னா. சொன்னாளான்னு கேட்டேன். என்ன சொன்னா, எப்படிச் சொன்னான்னு கேட்டேன். இவ முழிக்கறா. கடைசில பார்த்தா அவ ஒண்ணுமே சொல்லலையாம். அப்பா வரட்டுமான்னு கேட்டதுக்கு, "அம்மா, வளையல் எத்தனை டசன் எடுத்திருக்கறீங்க?"ன்னு கேட்டாளாம். கல்யாணத்துல இருந்து இப்படித்தானுங்க. போன் பண்ணினா அடிக்கும். முழுசா அடிச்சு ஓயும். ஆகாதவங்க நம்பரை அடைச்சு வெச்சுருவாங்களே, அது கூடப் பண்ணலை. பண்ணியிருந்தா சண்டைன்னு வெச்சுக்கலாம். வீட்டுக்கு வருவா, நான் இருந்தா அம்மாகிட்டப் பேசிட்டுப் போயிருவா. என்னை மொறைக்கக்கூட மாட்டா.

நேர்ல போயி நிக்கலாம்னுதான் கெளம்பினேன். பஸ் ஏறினதுக்கு அப்பறம் ஒரு யோசனை. மாசமா இருக்கற பொண்ணு, திடுதிப்புனு போயி நின்னா பயந்துட்டான்னா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறது நல்லதில்லீங்களா. அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன். உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. என்ற நம்பர்னா எடுக்க மாட்டா. அட, பயப்படாதீங்க தம்பி, நான் என்ன போனைத் தூக்கிட்டு ஓடப் போறனுங்களா. கைய எடுங்க. குடுங்கன்னா குடுங்க.

ம். இப்பச் சரி. நம்பரு மனப்பாடமுங்க எனக்கு.

அடிக்குது.

எடுத்துட்டாங்க. ஹலோ. கண்ணு, அப்பா பேசறேன். வெச்சுறாத. பெருந்துறை வந்துட்டேன், மண்டபத்துக்குள்ள வரலை, வாசல்லயே நின்னு பார்த்துட்டுப் போயிடறேன். கேக்குதா கண்ணு? அப்பாதான்டா.

வெச்சுட்டாங்க.

இல்லீங்க, திட்டலை. பின்னால வளையல் சத்தமாக் கேட்டுச்சு, பொம்பளைக பாடறது கேட்டுச்சு. "ராங் நம்பருங்க ஐயா, நம்பரைப் பாத்துப் போடுங்க"ன்னாங்க. நல்லாத் தன்மையா, யாரோ ஒரு வயசானவருக்குச் சொல்ற மாதிரி.

தாரணி கொரல் மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா போன்ல எல்லாப் பொண்ணுக கொரலும் ஒரே மாதிரிதானுங்களே. அவசரத்துல நான்தான் ஏதாச்சும் ஒண்ணை மாத்திப் போட்டிருப்பேன். இந்தாங்க, நீங்களே பிடிங்க. இப்பப் போட்ட நம்பரைக் கொஞ்சம் மெதுவாப் படிங்க தம்பி, நான் சரி பார்க்கறேன்.

ம். ம். அடுத்தது?

கடைசி ரெண்டும் படிங்க.

சரிதானுங்க. அவளோடதுதான்.